ரெண்டு பேரையும் நீக்கச் சொன்னார் டாக்டர்

போன மாதம் என் கம்ப்யூட்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஷமீம் ஓர் ஆண். அதே கம்பெனியில் இருக்கும் அவர் கணவர் யூசுப் பாய் ஒரு பெண்!

சிரிக்காதீர்கள். என் பிழைப்பே இதுதான். சர்க்கரை நோய்க்கும் ஜீனுக்கும் என்ன தொடர்பு என்று தேடும் ஆய்வில், வந்து சேரும் விவரமெல்லாம் சரிதானா என்று சலித்துப் பார்ப்பது என் வேலை. ரத்தத்தில் உள்ள ஜீனே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். பதிவோடு அது ஒத்துப்போகவில்லையா — எங்கோ கோளாறு.

"ரெண்டையும் தூக்கிடும்மா. இவ்ளோ பேர்ல ரெண்டு பேர் போனா இன்னா?" என்றார் எங்கள் டாக்டர்.

ஆய்வுக்கு ஒன்றும் ஆகாது, வாஸ்தவம். ஆனால் ஷூ கம்பெனியில் முகாம் போட்டு, ஆள் பற்றாமல் நானும் கூடப் போய் எடுத்த அதே ரத்தத்தில் சர்க்கரையும் பார்த்து ஆளுக்கொரு ரிப்போர்ட் கொடுத்திருந்தோமே... ஷமீமுக்கு ஜாஸ்தி, யூசுப்புக்கு நார்மல் என்று! இருவருக்கும் அடுத்தடுத்த நம்பர். ரத்தம் பிடித்த ட்யூப் மாறியிருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். மறுநாள் காலையிலேயே நர்ஸை அழைத்துக்கொண்டு ஆம்பூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் ஷமீம் லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தார்; யூசுப் பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ரிப்போர்ட்டைக் காட்டி இவருதான் மெடிக்கல்ல மாத்திரை வாங்கினு வந்தாரு மேடம். அதைப் போட்டதுலேர்ந்து கிறுகிறுன்னு வருது. ரெண்டு தபா மெஷின் மேலயே சாஞ்சிட்டேன்."

ஓடுகிற ஊசிக்கும் விரலுக்கும் எவ்வளவு தூரம்?

"முகாம்ல நம்பர் ஒட்டின ட்யூபை யாரு குடுத்தாங்க பாய்?"

"நீங்கதான் மேடம். ரெண்டையும் என் கைல குடுத்தீங்க. லேடீஸுக்குத் திரை கட்டியிருந்தீங்களே, அதுக்குள்ள ஒண்ணை நீட்டினேன். எதுன்னு யார் பார்த்தா?"

ஜோடியாக வந்தால் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் கையில் கொடுப்பது நம்மூர் வழக்கம். ஊரார் கோளாறைத் தேடும் நானும் அதையே செய்திருக்கிறேன்! வெட்கத்தை விட்டு இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். ஷமீமுக்குச் சர்க்கரை பயப்படும் அளவுக்குக் கம்மி. உடனே இனிப்பாக டீ போட்டுக் குடிக்க வைத்து, மாத்திரையை நிறுத்தச் சொன்னோம். யூசுப் பாய்க்கு எகிறிக் கிடந்தது.

"அப்ப அந்த மாத்திரை எனக்கா?" பாய் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தார்.

ஷமீம் வெடுக்கென்று பிடுங்கினார். "மொதல்ல டாக்டரைப் பாருங்க. இந்த வீட்ல ஒருத்தர் பட்டது போதும்."

இப்போதெல்லாம் எங்கள் முகாமில் அவரவர் ட்யூப் அவரவர் கையில்தான் — கைப்பையை வேண்டுமானால் கணவர் பிடித்துக்கொள்ளட்டும்!