பொட்டு வைத்த சென்ட்ரிஃபியூஜ்

என் மகளின் முழங்கால் கன்னங்கரேலென்று இருந்தது. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. சைக்கிளில் விழுந்த சிராய்ப்பு அப்படி ஆகாது.

"இன்னாடி தடவினே?"

"உங்க லேப் மருந்துதாம்மா. ஆயுத பூஜைக்கு நைனாவோட வந்தப்ப சார் குடுத்தாரு. துளசிதான், ஒண்ணும் பண்ணாதுன்னாரு."

என் கணவர் கதவருகே நின்றிருந்தார். "பொரியோட சேத்துக் குடுத்தாரு. பூஜைல குடுக்கிறத வேணான்னு எப்டிச் சொல்றது? கறுத்துக்கினு வந்துச்சு, ஆறுதுன்னு நெனச்சோம்."

திருப்பதியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். துளசிச் சாற்றில் சில்வர் நைட்ரேட்டைக் கலந்து வெள்ளி நானோ துகள்கள் தயாரிப்போம். எங்கள் ஊரான நகரியின் சாயப்பட்டறைக் கழிவுநீரில் அவை நிறத்தைப் போக்குகின்றனவா, பாக்டீரியாவை வளரவிடாமல் தடுக்கின்றனவா என்று சோதிப்போம். கலவை பழுப்பானதும் வேலை முடிந்ததாகப் புதியவர்கள் நினைப்பார்கள். முடிந்திருக்காது. மிஞ்சிய சில்வர் நைட்ரேட் அதில் இருக்கும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் துகளை அடியில் இறக்கி, மேல்நீரைக் கொட்டி, திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அது தோலைக் கறுக்க வைக்கும், புண்ணை அரிக்கும். கழுவினாலும் அது சோதனைப் பொருள்தான், மருந்தல்ல.

ஆஸ்பத்திரியில் கறுப்பைக் கீறியபோது அடியில் சீழ். "லேட் பண்ணியிருந்தா மூட்டுக்குள்ள போயிருக்கும்" என்றார் டாக்டர். இன்றும் அவள் படியிறங்கும்போது நான் முழங்காலைத்தான் பார்க்கிறேன்.

அதைக் கொடுத்த பேராசிரியரிடம் பாட்டிலோடு போனேன்.

"இத எப்ப கழுவினீங்க சார்?"

"எப்டி மேடம் கழுவறது? மெஷின் பொட்டு வெச்சு பூஜைல இருந்துதே. மறுநாள் வரைக்கும் ஓட்டக் கூடாதில்ல."

"அப்ப குடுக்காம இருந்திருக்கலாமே."

"ஃபேமிலிங்க எல்லாம் வந்திருந்தாங்க. நம்ம புராடக்ட்டுன்னு ஆசையா குடுத்தேன். இலையில பண்றதுதானே. பெரிசு பண்ணாதீங்க, ப்ராஜெக்ட்டுக்குக் கெட்ட பேரு."

பாட்டிலில் மிஞ்சியதைச் சுழற்றினேன். தெளிந்த மேல்நீரை அவர் மேஜையில் வைத்து, ஒரு சொட்டு உப்புநீர் விட்டேன். பால் திரிந்ததுபோல் வெள்ளையாகத் திரண்டது. அப்படித் திரண்டால் நீரில் சில்வர் நைட்ரேட் மிஞ்சியிருக்கிறது என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா?

"இது துளசியா சார்?"

அவர் அதை மேஜையோரம் தள்ளினார்.

"வேற யார் யாருக்குக் குடுத்தீங்க?"

"ஞாபகமில்ல."

அந்தச் சொல்லைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பூஜைக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் போட்டேன். ஒரு வீட்டில் கைக்குழந்தைக்குத் தடவ எடுத்து வைத்திருந்தார்கள்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இலையிலிருந்து வந்தது என்பது ஒரு பொருளின் பிறப்பு மட்டும்தான், அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்று அல்ல. கழுவாத எதுவும், யார் எந்த நாளில் கேட்டாலும், லேபை விட்டு வெளியே போகக் கூடாது; கழுவியதும் மருந்தென்று போகக் கூடாது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு அவர் சென்ட்ரிஃபியூஜிடம் வந்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் துகளைக் கழுவப் போட்டுவிட்டிருந்தேன்.