பதினொன்று பத்துக்குப் பிரிந்தது

எங்கள் அலுவலகக் கணினி அறையில், ஓடாத சாமான்களை அடுக்கி வைத்திருக்கும் மூலையில் ஒரு பழைய ஸ்டோரேஜ் பெட்டி கிடக்கிறது. கறுப்பு நிறம், ஒரு கையில் தூக்கிவிடலாம், உள்ளே நான்கு ஹார்டு டிஸ்க். அதன் முன்பக்க ஓரத்தில் விரல்நுனி அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கறை காய்ந்திருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் ஓர் ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனப் பொட்டு அது. நடுவில் இருந்த குங்குமம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. சந்தனம் மட்டும் விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் அந்த மூலையைப் பார்க்காமல் நடக்க நான் பழகிவிட்டேன். பார்த்தால் அக்கா ஞாபகம் வந்துவிடும்.

அக்கா எங்கள் பிரிவில் ஒப்பந்த ஊழியர். டேட்டா என்ட்ரி வேலை. வயதில் மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் இலங்கை மலையகத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேற்றப்பட்டவர்கள். அக்கா பிறந்து வளர்ந்ததும் அந்தத் தோட்டத்து லைன் வீட்டில்தான். தீவுகளில் குடியேறிய குடும்பங்களின் பழைய கைப்பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. செல்லரித்த பக்கங்களில் மற்றவர்கள் தடுமாறுகிற கையெழுத்தை அவர் செய்தித்தாள் படிப்பதுபோலப் படித்துத் தட்டிவிடுவார். நான் சிவகங்கைப் பக்கத்திலிருந்து அரசு வேலைக்குக் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவன். அந்த அறைக்குப் பொறுப்பாளன், நிரந்தர ஊழியன். நிரந்தரம் என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் பெட்டியின் நான்கு டிஸ்க்கும் சேர்ந்த ஒரே சேமிப்பிடத்தை வால்யூம் என்போம். அதற்கு என்னென்ன நடந்தது என்று காட்டும் ஒரு சின்னக் கட்டளை உண்டு. கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டினால் வரிவரியாக விழும். எத்தனை மணிக்கு இணைந்தது, எத்தனை மணிக்குப் பிரிந்தது, முறைப்படி இறக்கி, அதாவது கணினியிடம் சொல்லிவிட்டுப் பிரித்தார்களா, சொல்லாமல் பிடுங்கினார்களா, திரும்பி வந்தபோது நலமாக வந்ததா, பழுதோடு வந்ததா என்று நிமிடக் கணக்கு தவறாமல் சொல்லும். யார் செய்தது என்று மட்டும் சொல்லாது. பெட்டி புதிதாக வந்தபோது அந்தக் கட்டளையை எல்லோருக்கும் ஒருமுறை காட்டினேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு மறந்துபோனார்கள். அக்கா மட்டும் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, தினமும் காலையில் வந்தவுடன் தட்டிப் பார்ப்பார். கடைசி வரியை நோட்டில் தேதி போட்டுக் குறித்துவிட்டுத்தான் பதிவேட்டைத் திறப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் பிரட்டு. தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு அந்தப் பெயர். “பிரட்டு எடுக்காம காட்டுக்குள்ள எறங்குனா, ஆள் காணாமப் போனாலும் தெரியாது சார்” என்பார். நான் சிரிப்பேன். அந்த அறையில் அந்தக் கட்டளையை மதித்தவர் அவர் ஒருவர்தான்.

நான் மதித்ததாகக் காட்டிக்கொண்டது வேறு ஒன்றை. பெட்டிக்கு மேலே சுவரில், நானே தமிழிலும் இந்தியிலும் தட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய அறிவிப்பு: வால்யூமை இறக்காமல் கேபிளைக் கழற்றக்கூடாது. ஒரு பெங்காலிப் பையன் போன் சார்ஜ் போடுவதற்காக அந்தப் பக்கம் கையை நீட்டினதற்கே நான் போட்ட சத்தம் ஊர் நடுவே இருக்கும் அபர்டீன் பஜார்வரை கேட்டிருக்கும் என்று கேலி பேசுவார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்த வருடம் ஆயுத பூஜையை விடுமுறைக்கு முந்தின நாள் காலையில் வைத்துக்கொண்டோம். தமிழ் ஆட்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். பொரி, கடலை, சுண்டல், வாழையிலை, பூ எல்லாம் வந்தாகிவிட்டது. கணினி, பிரிண்டர், ஸ்டேப்ளர், பஞ்சிங் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். சந்தனக் கிண்ணத்தை எங்கள் அட்டெண்டர் அண்ணன் ஏந்திக்கொண்டு பின்னால் வந்தார். ஸ்டோரேஜ் பெட்டி மேஜைக்கு அடியில் தரையில் இருந்தது. தொழில் செய்கிற பொருளைப் பூஜையன்று காலடியில் விடலாமா? எங்கள் வீட்டில் அன்றைக்கு அரிவாள்மணையைக்கூடத் தரையில் வைக்க விடமாட்டார்கள். அந்த வேகத்தில் குனிந்தேன், பின்னால் கையை விட்டுக் கேபிளைக் கழற்றினேன், பெட்டியைத் தூக்கி இலைமேல் வைத்தேன். துடைத்தேன், பொட்டு வைத்தேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கற்பூரம் காட்டி முடிந்ததும் திரும்ப அடியில் வைத்துச் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. சுவரில் இருந்த என் அறிவிப்பு என் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகும் அக்கா ஒரு பதிவேட்டை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். ஐந்தரைக்கு மேல் கணினி உறைந்துபோயிருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் வால்யூம் திறக்கவில்லை. நான்கு மாத வேலை போய்விட்டது. பாதிக்கு மேல் அக்காவின் விரல் தட்டியது. மாதாமாதம் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்க வேண்டியது என் வேலை. நான்கு மாதமாக நான் அதைச் செய்யவில்லை.

எங்கள் அதிகாரி மெயின்லேண்டிலிருந்து வந்தவர், இந்திக்காரர். கோபக்காரர் இல்லை, அவசரக்காரர். “கிஸ்கீ கல்தி ஹை? லிக் கே தீஜியே” என்றார். யார் தப்பு என்று எழுதிக் கொடு, அவ்வளவுதான். நான் அறைக்கு வந்து கறுப்புத் திரையைத் திறந்து அந்தக் கட்டளையைத் தட்டினேன். வரிகள் விழுந்தன. காலை பதினொன்று பத்து: முறைப்படி இறக்காமல் பிரிந்தது. பதினொன்று இருபத்தாறு: பழுதுடன் இணைந்தது. அதன் பிறகு மாலைவரை வரிக்கு வரி பிழை. கடைசியாக ஐந்து நாற்பத்திரண்டு: திடீரென நின்றது. பழுது காலையிலேயே விழுந்துவிட்டது, அக்கா அணைத்தது அந்தக் கடைசி வரி மட்டும். பதினொன்று பத்துக்குக் கற்பூரத்தட்டு எங்கே இருந்தது, நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முழுவதையும் ஒரு பிரதி அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதிகாரிக்குக் கொடுத்த அறிக்கையில் மாலை ஐந்தரைக்குப் பிறகு வந்த வரிகளை மட்டும் ஒட்டினேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. எல்லா வரியும் அந்தக் கட்டளை சொன்னதுதான். நான் மேலே இருந்ததை வெட்டினேன், அவ்வளவே. இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை அதை நினைத்துப் பார்த்துவிட்டேன். பச்சைப் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

மறுநாள் காலை அக்கா என் மேஜைக்கு வந்தார். கையில் நோட்டு. மற்றவர்கள் டீக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

“சார், நேத்து நான் வந்தவொடனே பிரட்டு எடுத்துட்டேன். பதினொன்னு பத்துலேருந்து எல்லா வரியும் வந்திருக்கு.”

நான் மேஜையில் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

“நான் போயி சொன்னா நல்லா இருக்காது சார். நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. என்னால அவர்கிட்ட இந்தியில நின்னு பேசவும் ஏலாது.”

“பாக்கலாங்கா” என்றேன்.

“டீக் ஹை சார்”, சரி சார், என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து, அழிந்துபோன பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

பாக்கலாம் என்று சொன்னேனே தவிர, அதிகாரியின் அறை என் நாற்காலியிலிருந்து பத்தடிதான். அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை. போனால் மெமோ வரும், சுவரில் இருக்கிற அறிவிப்பைக் காட்டி எல்லோரும் சிரிப்பார்கள். நினைத்துப் பார்த்தால், எனக்கு மெமோவைவிட அந்தச் சிரிப்புதான் பயம். மாதக் கடைசியில் அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாளன்று அவர் அந்த நோட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு, “இனிமே நீங்க எடுங்க சார்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. வேலையை ஒப்படைக்கிற ஆள் சொல்வதுபோலவே சொன்னார். மெயின்லேண்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலில் திரும்பி வந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கிவிட்டது. அதையும் சொல்ல வேண்டும்.

போன மாதம்தான் ஒரு வழியாக அவரைத் தேடிப் போனேன். மனசாட்சி திடீரென்று விழித்துக்கொண்டதாக நினைத்துவிட வேண்டாம். அடுத்த வருடம் நான் ஓய்வு பெறுகிறேன், அதற்குள் சுத்தமாகிவிட வேண்டும் என்ற சுயநலம். அபர்டீன் பஜாரில் பஸ் ஏறி சிப்பிகாட்டில் இறங்கினேன். அங்கே ஒரு நாற்றுப் பண்ணையில் அக்கா பாக்குக் கன்றுகளுக்குப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் மண்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து, “சார், வாங்க, மழ வரப்போவுது, உள்ள வாங்க” என்றார். ஒன்பது வருடம் மடித்து வைத்திருந்த அச்சுத்தாளை நீட்டினேன். மடிப்பில் கிழிந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. “எல்லா வரியும் இதுல இருக்குக்கா” என்று மட்டும் சொன்னேன்.

அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. “இது எனக்கு எதுக்கு சார்? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட குடுங்க” என்றார். பிறகு டீ போட்டுக் கொடுத்தார்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு வழக்கம்போல வாழையிலை போட்டார்கள். பழைய அதிகாரி எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது இருப்பவரும் மரியாதைக்கு வந்து நின்றார். அட்டெண்டர் அண்ணன் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு, பொட்டு வைக்காமல், அந்த மூலையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரிக்காக இந்தியில் ஒரு தடவை, மற்றவர்களுக்காகத் தமிழில் ஒரு தடவை. தாளையும் நீட்டினேன். அதிகாரி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “சோடியே, புரானி பாத் ஹை” என்று என் தோளைத் தட்டினார். விடுங்கள், பழைய கதை. பிறகு ஒரு கை பொரி அள்ளிக்கொண்டு போய்விட்டார். இதற்குத்தான் ஒன்பது வருடம் பயந்தேன். எனக்கு இவ்வளவுதான் ஆகியிருக்கும். அக்காவுக்கு என்னவெல்லாமோ ஆகிவிட்டது.

புதுப் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். அட்டெண்டர் அண்ணன் மட்டும் இலையை நேராக்கிக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

“எங்களுக்குத் தெரியும் சார்.”

“என்னண்ணே தெரியும்?”

“அன்னைக்கு இந்தக் கிண்ணத்தப் பிடிச்சுக்கிட்டு ஒங்க பின்னால நின்னது யாரு? நாந்தானே. நீங்க வயரப் புடுங்குனத நாங்க நாலு பேரு பாத்தோம்.”

“அப்புறம் ஏன் யாருமே சொல்லல?”

“சொல்லலாம்னுதான் கெளம்புனோம். அக்காதான் விடல. ‘சார் நல்லவரு, அவரே சொல்லிருவாரு, கொஞ்சம் பொறுங்க’ன்னாங்க. மாசக் கடைசிவரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.”

கிண்ணம் என் கையில் இருந்தது. சந்தனம் ஓரத்தில் காய ஆரம்பித்திருந்தது. அதை அவரிடமே திருப்பிக் கொடுத்து, நீங்களே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிடுங்கள் என்றேன். வைத்துக்கொண்டே போனவர் மூலையில் அந்தப் பழைய பெட்டி முன்னால் நின்று, இதற்கும் வைக்கவா என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக நானும் அதை நேராகப் பார்த்தேன். வேண்டாம் அண்ணே, அதில் ஏற்கெனவே இருக்கிறது என்றேன்.