மேட்டு ஜீப்புக்கு முதல் முறை

உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நாளில் மண்டையைப் போட்டாலும், போடியில் ஒரு மாடியறையில் சூர்யகலா எழுதிய புரோகிராம் மட்டும் எழுந்து உட்கார்ந்து, "யாராச்சும் இருக்கீகளா?" என்று கேட்கும். சாயங்காலம் நாலு மணிக்கு நாற்காலியில் சப்பணம் போட்டபடி அவர் சர்வரை வைகிற வேகத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். "முழிச்சிரு மூதேவி, ஜீப்பெல்லாம் எறங்கப் போகுது."

ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை மலையிலிருந்து இறக்கிவரும் பதினெட்டு ஜீப்புகள், திரையில் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு போன். இருக்கும் இடத்தைச் சர்வருக்குச் சொல்லிக்கொண்டே வரும். ஒரு புள்ளிக்குள் அவருடைய அம்மா பாண்டியம்மாள். வழியெல்லாம் மூடுபனி, யானைத் தடம்.

சின்ன வயதில் லீவுக்குச் சூர்யகலாவும் அம்மாவோடு தோட்டம் போவார். பனியில் பக்கத்து ஆள் தெரியாது. செடிக்குள்ளிருந்து பெண்கள் அடிக்கொருதரம் "ஊய்" என்பார்கள். பதில் வராவிட்டால் பொறுத்து இன்னொரு தரம். அப்புறம் இன்னும் கொஞ்சம் பொறுத்து. சேர்ந்து கத்தினால் ஒன்றும் கேட்காது. மேட்டில் நிற்பவளுக்கே முதல் முறை. இதைச் சொல்லும்போது மட்டும் சூர்யகலா யாரையும் வைய மாட்டார். "எங்கம்மா கொரலு வந்துருச்சுன்னா போதும், திரும்ப வெளையாடப் போயிருவேன்."

முதலில் எழுதிய புரோகிராமில் இந்த முறைவரிசை இல்லை. செத்த சர்வர் எழுந்ததும் பதினெட்டு போனும் ஒன்றாகப் பாய, அது மறுபடி செத்தது. "பந்திக்கு விழுந்த மாதிரி விழுந்துட்டாய்ங்க!" என்று தலையிலடித்துக்கொண்டு மாற்றி எழுதினார். இப்போது சர்வர் சத்தம் நின்றால் போன் காத்திருந்து கூப்பிடும். மேட்டு ஜீப்புக்கு முதல் முறை. இறங்க இறங்கக் காத்திருப்பு நீளும்.

நேற்று ஐந்தரைக்குச் சர்வர் செத்தது. அவரிடம் வேலை பழகிக்கொண்டு இதை எழுதும் கைதான் பிளக்கைப் பிடுங்கியது. அக்கா பெருமை நிசந்தானா என்று பார்க்க. புள்ளிகள் எல்லாம் சாம்பல் நிறமாயின. வைவார் என்று பார்த்தால், துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிடுங்கிய வேகத்தைவிடச் செருகிய வேகம் அதிகம்.

மேட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பச்சை. பதினேழோடு நின்றது. அம்மா வரும் ஜீப்பு மட்டும் இன்னும் சாம்பல்.

"ஆத்தா, ஒரு சத்தம் குடும்மா..."

பதினெட்டாவது, மலையடிவாரத்தில் முளைத்தது. எல்லோருக்கும் முந்தி இறங்கிவிட்ட ஜீப்பு; அதனால்தான் கடைசி முறை. தன் கணக்கைத் தானே மறந்திருந்தார். துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கரண்டு போயிருச்சு போலக்கா" என்று பவ்யமாகச் சொல்லியாயிற்று.

சூர்யகலா திரும்பவில்லை. ஒற்றை விரலை மட்டும் தலைக்கு மேலே நீட்டினார். அங்கே ஃபேன் ஒரு சுற்றும் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது.