ஏழாம் தேதி வரைக்கும்

"எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும்?"

யார் எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான். டீ ஆறிப்போச்சு என்றாலும் இதே கேள்விதான்.

தடுப்பூசி நிலையத்தின் கம்ப்யூட்டர் பதிவேடு அவர் பொறுப்பு. லட்சம் குழந்தைகளிலிருந்து கடைசி ஏழு நாளில் வந்தவர்களை மட்டும் ஒரே வரிக் கட்டளையில் வடிகட்டிவிட்டு, விரலைச் சொடுக்குவார். செவிலியர்கள் வைத்த பெயர் 'ஏழுநாள் சார்'. வீட்டுச் சண்டைக்கும் அதே வடிகட்டி.

"ஏழு நாளைக்கு முந்தின புகார் எதுவும் செல்லாது."

"நம்ம கல்யாணமே அதுக்கு முந்தினதுதாங்க. அதுவும் செல்லாதா?" என்பார் மனைவி.

சென்ற மாதம் எட்டாம் தேதி காலையில்தான் தெரிந்தது, நிலையத்துக் குளிர்பெட்டி ஒரு வாரமாகப் பெட்டியாக மட்டுமே இருந்திருக்கிறது என்று. உள்ளே இருந்த மருந்தெல்லாம் வீண். ஒன்று முதல் ஏழு வரை ஊசி போட்ட குழந்தைகளுக்கெல்லாம் மறுபடி போட வேண்டும். விட்டுப்போனால் அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பில்லை. அவர் இரண்டு தேதிகளையும் தட்டினார், சொடுக்கினார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். செவிலியர்கள் மாலைக்குள் அத்தனை வீட்டுக்கும் போன் செய்து முடித்தார்கள்.

"ஊருக்கெல்லாம் போன் வந்துச்சாமே. நம்ம பேத்திக்கு நேத்து மத்தியானந்தானே போட்டோம்? நமக்கு ஏன் வரலை?" என்றார் மனைவி, அவர் வீடு திரும்பியதும்.

"லிஸ்ட்ல இல்லைன்னா போடலைன்னு அர்த்தம்."

"கத்தின புள்ளையைத் தூக்கிட்டு வந்தது நானு. உங்க லிஸ்ட்டா தூக்கிட்டு வந்துச்சு?"

மடிக்கணினியைத் திறந்தார். பதிவேட்டில் தேதியோடு நேரமும் உண்டு. நேரம் சொல்லாமல் 'ஏழு வரை' என்று கேட்டால், ஏழாம் தேதி பிறந்த நொடியோடு கம்ப்யூட்டர் கையை உதறிவிடும். அன்று பகலில் வந்தவர்கள் எல்லாரும் அம்போ. 'ஏழு வரை' என்பதை அழித்து, 'எட்டுக்கு முன்னால்' என்று மாற்றி எழுதினார். புதிதாக முப்பத்தெட்டுப் பேர். பத்தாவதாகப் பேத்தி. விரல் சொடுக்கவில்லை.

தலைமைச் செவிலியருக்குப் போன் போட்டுச் சொன்னார். "அப்ப பேரை 'ஆறுநாள் சார்'னு மாத்திடட்டுங்களா?" என்றார் அந்தப் புண்ணியவதி.

முப்பத்தெட்டு வீட்டுக்கும் அவரே அழைத்தார். முப்பத்தெட்டு முறையும் "தப்பு என்னோடதுங்க" என்றார்.

கடைசி போனை வைத்ததும் மனைவி ஆரம்பித்தார்: "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க அக்கா வீட்ல என்னைய..."

வழக்கமான கேள்விக்காக வாயைத் திறந்தார். மூடினார். மடிக்கணினியையும் மூடிவிட்டு, நாற்காலியை இழுத்து மனைவிக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.