விளக்கு வைக்கிற நேரத்தில் கேட்ட கேள்வி

புதன்கிழமை மாலைகளில் ரத்னாபாய் எங்கள் கரமனை அக்ரஹாரத் தெருவுக்கு வருவாள். வீடுவீடாகப் போய்ச் சுகாதார விவரம் கேட்டு எழுதும் ஆஷா வேலை அவளுக்கு. காலையில் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் வீட்டில், படிக்குக் கீழே நின்று, “பிள்ளைக்குச் சூடு உண்டா?” என்று காய்ச்சலை விசாரிப்பாள். பதில் வந்த பிறகும் உடனே போகமாட்டாள். உள்ளே அழுகுரல் கேட்கிறதா என்று கொஞ்சம் காதுகொடுத்துவிட்டுத்தான் நகர்வாள். வருஷக்கணக்காக ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே வா என்று யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

போன வருஷம் எதிர்வீட்டு ஸ்ரீலட்சுமியின் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஊசி போட்டார்கள். மாலையில் ரத்னாபாய் வந்தபோது மாமியார் சரஸ்வதியம்மாள் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

“சூடு உண்டா மாமி?”

“ஒண்ணுமில்லே. சமத்தாத் தூங்கறது.”

ரத்னாபாய் வழக்கம்போல் நின்றாள். சத்தமில்லை. காய்ச்சல் இல்லையென்று நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் அலறல். குழந்தைக்கு வலிப்பு. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே பார்த்தபோது உடம்பில் சூடில்லை.

விஷயம் தெரிந்ததும் ரத்னாபாயே மேலதிகாரிகளுக்குத் தகவல் சொன்னாள். சொல்லித்தான் ஆகவேண்டும். காய்ச்சல் இல்லாமல் வலிப்பு என்றதும் மருந்தின்மேல் சந்தேகம் வந்தது. அதோடு சேர்ந்து வந்த மருந்து எல்லாவற்றையும் போடாமல் நிறுத்தி வைத்தார்கள். அன்று ஊசி போட்டுக்கொண்ட மற்றக் குழந்தைகளையும் தேடிப்போய்ப் பார்த்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இருந்தார்கள்.

“விஷத்தையில்லா குத்தி வச்சிருக்கா!” என்றார் கடைசி வீட்டுத் தாணுமாலையன். ரத்னாபாய் ஊசி போடுகிறவள்கூட இல்லை. ஆனாலும் அவளைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள்.

விசாரிக்க டாக்டர் வந்தார். எதிர்வீட்டு வாசலில் வைத்தே அவளிடம் கேட்டார்.

“நேரில் வந்து கேட்டாயா, இல்லை வீட்டில் இருந்தே எழுதினாயா?”

“கேட்டேன் சாரே. இல்லேன்னு சொன்னாங்க.” அவள் வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

ஸ்ரீலட்சுமி வெளியே வந்தாள். “காய்ச்சல் இருந்தது டாக்டர். மத்தியானமே உடம்பு கொதிச்சுது.”

“பின்னே ஏன் சொல்லவில்லை?”

“விளக்கேத்தற நேரத்திலே கொழந்தைக்கு உடம்பு சரியில்லேன்னு வாயால சொல்லப்படாதுன்னு மாமியார்தான்…”

திண்ணையில் உட்கார்ந்திருந்த சரஸ்வதியம்மாள் எழுந்து உள்ளே போனாள். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

முடிவு வரச் சில மாதங்கள் ஆயின. ஊசிக்குப் பின் வந்த காய்ச்சல், அதனால் வந்த வலிப்பு, அபூர்வமாக இப்படி நடப்பதுண்டு, மருந்தில் கோளாறில்லை என்றார்கள். நிறுத்தி வைத்த மருந்தை மறுபடி போட ஆரம்பித்தார்கள்.

குழந்தை இப்போது ஓடியாடுகிறது. வலிப்பு திரும்ப வரவில்லை. ரத்னாபாய் வேலையில் இருக்கிறாள். தாணுமாலையன் வீட்டில் மட்டும் பேரனுக்கு இன்னும் ஊசி போடவில்லை.