யாருடைய சர்க்கரை

எங்கள் அலுவலகத்தில் ஜெரால்டினுக்குக் கோபக்காரி என்று பெயர். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். அவள் கோபப்பட்ட விஷயத்தில் மற்றவர்களுக்கு எப்படிக் கோபம் வராமல் இருந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிறுவனம். தோளில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சாருக்கு ஹேண்ட்போன் செயலி எழுதுகிறோம். சென்சார் அளப்பதை புளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும். சர்க்கரை இறங்கினால் போன் கத்த வேண்டும். அதை நம்பித்தான் நோயாளிகள் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒருவர் தோளில் குத்திக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஜெரால்டின் எல்லாவற்றையும் கணினிக்குள்ளேயே கட்டினாள். எமுலேட்டர் என்பது திரையில் மட்டும் ஓடும் போன். அதற்கு உடம்பும் இல்லை, அலைவாங்கியும் இல்லை. புளூடூத் பேசத் தெரிந்த ஒரு மென்பொருள் அடுக்கை அதோடு இணைத்து, அந்த அடுக்கையே சென்சாராக நடிக்க வைத்தாள். இணைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு நாள் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது, மறுநாள் கண்டுகொள்ளும், ஆனால் பேசாது. கடைசியில் திரையில் சர்க்கரை அளவு வந்தபோது முதலாளி முகுந்தன் எல்லோருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். சோதனைகள் அத்தனையும் தேறி, பச்சையில் வந்தன. நிஜ சென்சாருக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சொன்னவர் அவர்தான்.

ஜெரால்டினின் அம்மா டொரத்தி ஆன்டி, கிள்ளானில் அவளோடு இருக்கிறார். இன்சுலின் போடுகிறவர். எங்கள் சென்சார் ஒன்று அவர் தோளிலும் இருந்தது. ஆன்டி பழைய காலத்துக் கத்தோலிக்கர். ஒரு மணி நேர உபவாசம் போதும் என்று ஃபாதரே சொன்னாலும் கேட்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கும்வரை வாயில் ஒன்றும் வைக்க மாட்டார். ஊசியை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொள்வார். ஒருமுறை பூசை நடுவில் போன் அடித்து ஃபாதர் முறைத்ததிலிருந்து ஹேண்ட்போனைக் காரிலேயே விட்டுவிட்டுத்தான் கோயிலுக்குள் போவார்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து காருக்கு வந்த ஆன்டி வியர்த்துக் கொட்டி, கை நடுங்க, கதவைத் திறக்க முடியாமல் நின்றார். கூட வந்த ஜெரால்டின் சீட்டில் கிடந்த போனைப் பார்த்தாள். ஆறு புள்ளி ஒன்று. நல்ல அளவு. சந்தேகப்பட்டு விரலில் குத்திப் பார்த்தால் மூன்றுக்கும் கீழே, ஆபத்தான அளவு. ஆன்டி கோயிலுக்குள் போனதும் சென்சாரின் தொடர்பு அறுந்திருக்கிறது. கடைசியாக வந்த எண்ணையே பூசை முழுக்க இப்போதைய எண்போலக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது எங்கள் செயலி. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து அம்மாவைத் தேற்றினாள்.

மறுநாளே தன் நடிப்பு சென்சாரை நடுவில் ஊமையாகப் போகும்படி மாற்றினாள். சோதனை தோற்று, சிவப்பில் வந்தது. எமுலேட்டரில் அதே எண் அசையாமல் நின்றது. மருத்துவமனை ஆட்களுக்குச் செய்து காட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால், முகுந்தன் அந்தச் சோதனையையே எடுத்துவிடச் சொன்னார்.

"அது டூப்பு சென்சார் லா. நீ கட் பண்ணா கட் ஆவுது. அதப் போயி சீரியஸா எடுப்பாங்களா?"

அவள் அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னாள். ஆன்டிதான் போனைக் கையில் வைத்திருந்திருக்க வேண்டும் என்றார் முகுந்தன். பச்சையில் வந்தால் நிஜம், சிவப்பில் வந்தால் டூப்பா என்று நான் கேட்டேன். உன் வேலையைப் பார் என்றார்.

செய்து காட்டும் நாளில் எமுலேட்டரைச் சுவரில் பெரிதாகக் காட்டினோம். ஜெரால்டின் சர்க்கரையை இறக்கினாள், அலாரம் அடித்தது. ஏற்றினாள், நின்றது. முகுந்தனுக்கு வாயெல்லாம் பல். அப்போதுதான் அவள் நடிப்பு சென்சாரை நிறுத்தினாள்.

"டாக்டர், சென்சார நிறுத்திட்டேன். இப்ப யார் தோள்லயும் ஒண்ணும் இல்ல. ஆனா பாருங்க, ஆறு புள்ளி ஒண்ணு. இது யாரோட சர்க்கரை?"

மருத்துவமனையிலிருந்து வந்திருந்த பெண் டாக்டர், இதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று எழுந்துபோனார்.

சரிசெய்தோம். இப்போது தொடர்பு அறுந்தால் எண் மறைந்து வெறும் கோடு வரும், போன் கத்தும். ஜெரால்டினை அந்த வேலையிலிருந்து தூக்கி, புகார் போன்களுக்குப் பதில் சொல்ல உட்கார வைத்தார்கள். வெளியீட்டு விழாவில், நோயாளியின் பாதுகாப்புதான் எங்களுக்கு முதல் என்று முகுந்தன் கூச்சமே இல்லாமல் முழங்கினார். அவள் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. பொறுக்க முடியாமல் நான் பாதியிலேயே கிளம்பி கிள்ளானுக்குப் போய்விட்டேன்.

அங்கே டொரத்தி ஆன்டி மகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பழசே தேவல. நம்பராச்சும் காட்டுச்சு. நேத்து பூச நடுவுல, காருங்களுக்குக் காவல் நிக்கிற ஜாகா வந்து, ஆன்டி உங்க காரு கத்துதுன்னு கூப்புட்டாரு. எனக்கு மானமே போச்சு. எந்திரிச்சிப் போயி, நடுங்குதேன்னு ரெண்டு மிட்டாய வாயில போட்டேன். உபவாசம் போச்சு, நற்கருணையும் வாங்கல."

ஜெரால்டின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுதும்மா. எங்க ஆபீஸ்ல அப்படிச் சொல்றது அது ஒண்ணுதான்."