செல்லி பார்த்த ஜெர்மன் கூத்து

ஓசூரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர்வீட்டில் ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்தவர். செல்லி அவருக்குச் சமைத்தாள். உருளைக்கிழங்கை வேகவைக்க ஒரு ஆள் எதற்கு என்று நான் கேட்பதுண்டு.

எண்பத்தேழில் அவள் புருஷன் மாரிமுத்துவுக்கு மஞ்சள்காமாலை. பிழைத்தால் தீ மிதிக்கிறேன் என்று, கெலமங்கலம் பக்கம் தன் ஊர் திரௌபதியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பிழைத்துக்கொண்டான். அந்த வருஷத் தீமிதிக்கு வெள்ளிக்கிழமை காப்புக் கட்ட வேண்டும்; கட்டிவிட்டால் பின்வாங்க முடியாது.

அதற்கு முந்தைய ஞாயிறு, ஜெர்மன்காரர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, அவர்கள் நாட்டுச் சாமிக் கதையை வீடியோவில் போட்டார். எல்லாம் பாட்டு. நான் பாதி தூங்கிவிட்டேன். கடைசியில் ஒரு பெண் குதிரையோடு நெருப்பில் பாய்ந்தாள். ஆறு பொங்கியது. படம் முடிந்தது.

"அவ எங்க, அக்கா?" என்றாள் செல்லி. "உள்ள போனவ வெளிய வர்லியே. நம்ம கூத்துல திரௌபதை தீயில எறங்குனா பூ மாதிரி வருவா."

எனக்குத் தெரிந்த பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் அவரைக் கேட்டேன். பத்து நிமிடம் பேசினார்.

"செத்துட்டாளாம். அதனால உலகம் நல்லா ஆச்சாம்."

"உலகம் கெடக்கட்டும். அவ என்னா தப்பு பண்ணா?" அவள் முகம் செத்துவிட்டது. "நான் மிதிக்கலன்னா அவருக்குத் திரும்ப வந்துடுமாக்கா?"

"டாக்டரப் போய்க் கேளு."

திரும்பப் போடச் சொன்னாள். மூன்றாம் தடவை, ஆறு பொங்கும் இடத்தில் டிவியில் விரலை வைத்தாள்.

"தோ, பால்குழி."

தணலைக் கடந்ததும் கால் வைக்க, பாலும் தண்ணீரும் ஊற்றிய குழி ஒன்று எங்கள் பக்கம் வெட்டுவார்கள். அதைச் சொல்கிறாள்.

"இவளுக்கு எவனும் முன்னாடியே வெட்டி வெக்கலக்கா. போன பெறகு தண்ணி வந்து என்னாத்துக்கு?"

நான் அதைச் சொன்னதும் ஜெர்மன்காரர் தானே எழுந்து அந்த இடத்தைத் திரும்பப் போட்டார்.

காப்புக் கட்டிக்கொண்டாள். தீமிதி அன்று நானும் போனேன். மஞ்சள் துணியோடு வரிசையில் நிற்க வேண்டியவள், நேராகப் பால்குழியைப் பார்க்கப் போனாள். அடியில் கொஞ்சம்தான் ஈரம்.

"இது குழியா, தோசைக்கல்லா?" என்றாள், பொறுப்பிலிருந்த கொழுந்தன் கரியப்பனிடம். "நான் வெந்த பெறகு ஊத்துவியா?"

"அண்ணி, சாமி வர்ற நேரத்துல இப்படிப் பேசாத."

"எனக்கு இன்னும் வர்ல. நீ தண்ணி ஊத்து."

ஆறு குடம் விழும்வரை அசையவில்லை. அப்புறம்தான் போய்த் தீயில் இறங்கினாள்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். இடது காலில் ஒரு கொப்புளம்; ஊரில் தெரிந்தால் பக்தி போதாது என்பார்கள். என்னிடம் மட்டும் காட்டினாள்.